அண்ணியின் ஐஸ்பெட்டி

என் அண்ணி பிறவியிலேயே அருவருப்புக்காரி. டீ டம்ளரின் விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்துவிட்டால் போதும், டீயைக் கொட்டி, டம்ளரைத் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, புது டீ ஊற்றி எனக்குக் கொடுப்பாள், தான் குடிக்கமாட்டாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், என் அண்ணன் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுவதைப் பார்த்துவிட்டுப் பல நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான், ஊரார் பிள்ளைகளின் மலத்தை டப்பாவில் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை வாய்த்தது. யார் தலையில் எதைக் கட்டுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

போலியோ சொட்டு மருந்து கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு உட்கார்ந்தால் ஃபோட்டோ எடுப்பார்கள். அதற்கு அண்ணியின் சுகாதார ஆபீசில் அடிதடி நடக்கும். அண்ணிக்குக் கிடைத்தது அதன் கொல்லைப்புறத்து வேலை. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த குழந்தைக்கு இன்றைக்குத் திடீரென்று காலோ கையோ துவண்டு போனால், அது போலியோவா வேறு ஏதாவதா என்று எப்பேர்ப்பட்ட டாக்டராலும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மலத்தில்தான் தெரியும். துவண்ட இரண்டு வாரத்துக்குள், குறைந்தது இருபத்துநாலு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை, கட்டைவிரல் பருமனுக்கு எடுத்து, ஐஸ் உருகுவதற்குள் பெரிய ஊர் லேபில் சேர்க்கவேண்டும். சூடு பட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும். அப்புறம் இருக்கிற வியாதியும் இல்லை என்றுதான் ரிசல்ட் வரும்.

அதிலும், ஊர் ஊராக ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு போகிற ஆட்டுக்காரர்கள் அண்ணியின் பங்குக்கு வந்தார்கள். வந்தார்கள் என்ன வந்தார்கள், மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். "அவங்க மேல நாத்தம் தாங்கலைப்பா", "இன்னிக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம், யாரு பின்னாடி ஓடறது?" என்று ஆளாளுக்கு மூக்கால் அழுதார்கள். பவுடர் போட்டுக்கொண்டு பேசினார்கள். அண்ணி சரி என்று வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் நின்று அழுதாள். அப்புறம் வாசனை சோப்பு ஒன்றைப் புதிதாகப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டிலேயே தையல் தைக்கிறவள் நான். துணி எங்கேயும் ஓடிப்போகாது. ஆகவே நான் அவளுக்கு டிரைவர் ஆனேன்.

அண்ணன் அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் வைத்திருந்தான். "என்ன, என் சக்களத்தன் வந்தாச்சா?" என்பான். மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வருகிறாளே, அந்தக் கடுப்பு. பெட்டிக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. காலியாக இருந்தாலும் குளியலறைக்கு வெளியே, குழாயடியில்தான். அதன் முகப்பில் சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும்: மலப் பரிசோதனைக்கு மட்டும்.

ஆட்டுக்காரர்களிடம் போய், "பிள்ளைங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. எல்லாரும் நல்லா இருக்கோம் என்பார்கள். வருகிறவன் ஊசி போடுவானோ, இடத்தைக் காலி பண்ணச் சொல்வானோ என்ற பயம். அண்ணி வேறு மாதிரி பார்ப்பாள். கிடை ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குக் கிளம்பும்போது ரோட்டோரத்தில் போய் நின்றுகொள்வாள். ஆடுகள் போகும், நாய் போகும், கடைசியில் மூட்டை முடிச்சோடு கழுதைகள் போகும். கைக்குழந்தை என்றால் அம்மா முதுகில். நடக்கத் தெரிந்துவிட்டால் நடந்துதான் ஆகவேண்டும், அவர்களிடம் செல்லம் கிடையாது. நடக்கிற வயசுப் பிள்ளை ஒன்று கழுதை மேல் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போகிறது என்றால், அண்ணி அந்தக் கழுதையைப் பின்தொடர்ந்து போய்விடுவாள்.

அன்றைக்கு அவள் ரோட்டில் நிற்கவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்காரர்தான் ஃபோன் பண்ணினார். "ஏம்மா, நீ சொல்லி வெச்சியே. ஒரு பொண்ணு கழுதை மேல போகுது. பல்லெல்லாம் விழுந்து முளைக்கிற வயசு. ஒரு காலு தொங்குது."

நாங்கள் போனபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆட்டுப் புழுக்கை நாற்றம், ஈரக் கம்பளி நாற்றம், ஈ. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அண்ணி துப்பட்டாவைக்கூட மூக்குக்குக் கொண்டு போகவில்லை. தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் குனிந்து போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி விட்டாள், பொத்தென்று விழுந்தது. லேசாகக் கிள்ளினாள், பெண் "ஆ" என்று கத்தினாள், வலி தெரிகிறது. ஆனால் காலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. காய்ச்சல் வந்து, காய்ச்சல் விட்டு, மறுநாள் காலையில் எழுந்து நிற்கப் பார்த்தபோது விழுந்தாளாம்.

அண்ணி வெளியே வந்து ஆபீசருக்கு ஃபோன் போட்டாள். அவர் டாக்டருக்குப் படித்தவர். வந்து பார்க்கவேண்டியது அவர் வேலை. ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"கீழ விழுந்திருக்கும்மா. முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்."

"இல்ல சார், நான் பார்த்தேன். சுத்தமா துவண்டிருக்கு."

"நம்ம ஏரியாவுல ஒரு கேஸ் கூடக் கிடையாதுன்னு மேலிடத்துல நல்ல பேரு. இப்ப பாராட்ட வர்றாங்க. இந்த நேரத்துல நீ கிளறிக்கிட்டு..." என்று இழுத்தார். அப்புறம், "சரி, எடுத்துட்டு வா. நான் அவ்வளவு தூரம் வர முடியாது. எனக்கு ஆட்டு ரோமம் ஒத்துக்காது" என்றார்.

ஒத்துக்கொள்ளாதாம். சம்பளம் மட்டும் ஒத்துக்கொள்ளும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனைப் பிடுங்கி நாலு கேட்டிருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் டப்பாவைக் கொடுத்து, எப்படி எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போனால், டப்பா தயாராக இருந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி, நிழலில் வைத்திருந்தாள். எனக்கே அது பரவாயில்லை என்று தோன்றியது. அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நேரமாகிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால், எங்கள் வீட்டில் டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாளே, அப்படியே டப்பாவைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பொண்ணு நேத்து என்ன சாப்பிட்டா?" என்று அந்த அம்மாவைக் கேட்டாள்.

"அவ எங்க சாப்பிடறா? பால்தான். அதுவும் ரெண்டு வாய்."

"இதுல சோளத் தோலு இருக்கே."

அம்மா கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "அவளுக்கு வரலை. முக்கி முக்கிப் பார்த்தா. பாவம், நீங்க அவ்வளவு தூரம் வர்றீங்க, வெறுங்கையோட அனுப்பறதா? அவ அண்ணன் போனான். அவனோடதை எடுத்து வெச்சேன்" என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தாள். ஆடுகளுக்குக் கழிச்சல் வந்தால் மாட்டு டாக்டர் புழுக்கை கொண்டுவரச் சொல்வாராம். எந்த ஆட்டுப் புழுக்கை என்று யார் பார்த்தது? கிடையில் கிடப்பதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவார்களாம். அவர் மருந்து கொடுப்பார், கிடை முழுக்கச் சரியாகிவிடும். ஒரே மேய்ச்சல், ஒரே தண்ணீர், இதில் ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்? "இவங்களும் ஒரே பாலைத்தானே குடிக்கறாங்க?" என்று கேட்டாள்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், மலத்தை வைத்துக்கொண்டு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "நீங்க சொல்றது தப்பில்லக்கா. ஆனா இந்த லேபுக்காரங்களுக்கு அவளோடதுதான் வேணும். கால் விழுந்தவளோடது" என்றாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். "அவளோடதைக் குடுத்தா காலு வந்துடுமா?"

பொய் சொல்வதற்கு எவ்வளவோ வழி இருந்தது. பார்க்கலாம் என்று சொல்லலாம், கடவுள் இருக்கார் என்று சொல்லலாம். ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் பூசி மெழுகுவார்கள். அண்ணி, "வராதுக்கா" என்றாள். "ஆஸ்பத்திரியில காட்டலாம், காலுக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க, அதுக்கு நான் கூட வர்றேன். ஆனா இந்த டப்பாவால அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப யாருக்கு?"

"மத்த பிள்ளைங்களுக்கு. அந்தக் கிருமிதான்னு தெரிஞ்சா, இவ போன வழியில இருக்கற எல்லாப் பிள்ளைங்களுக்கும் உடனே மருந்து குடுப்பாங்க. உங்க கிடையில இருக்கறவங்களுக்கு, நீங்க தண்ணி எடுக்கற ஊர்ல இருக்கறவங்களுக்கு, எங்க ஊர்ல இருக்கறவங்களுக்கு. எல்லாருக்கும்."

அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். போச்சு, இனிமேல் தரமாட்டாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் தந்திருக்கமாட்டேன். தண்ணீர் எடுக்கப் போனால் இவளை விரட்டுகிறவர்கள் பெற்ற பிள்ளைக்காக, கால் விழுந்த மகளைக் குந்த வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? அவள் திரும்பி வந்து, "நாங்க நாளைக்குக் காலைல கிளம்பறோம். வேணும்னா கூட வா. வரும்போது எடுத்துக்க" என்றாள்.

அண்ணி அவர்களோடு போனாள். அந்த வெயிலில், ஆட்டுப் புழுதியில், கழுதைக்குப் பக்கத்தில், தோளில் பெட்டியோடு நடந்தாள். நான் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரியில் உறைந்த ஐஸ்கட்டிகளை வாங்கிக்கொண்டு, கிடை எங்கே போயிருக்கிறது என்று வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே ஸ்கூட்டரில் துரத்துவேன். பெண்ணுக்கு வயிறு இறுகிக் கிடந்தது. வெந்நீர் கொடுத்தார்கள், வயிற்றைத் தடவிவிட்டார்கள். கடைசியில் ஒரு நாள் வந்தது, மறுநாளும் வந்தது. இரண்டு டப்பாவையும் ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு அண்ணியும் நானும் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு குளித்தாள். அண்ணன் அன்றைக்கு சக்களத்தன் ஜோக்கைச் சொல்லவில்லை. வெளியே கிடந்த அவள் செருப்பை அவனே கழுவி வைத்தான்.

குளிப்பதற்கு முன்பே பெட்டியை ஆபீசில் ஒப்படைத்திருந்தோம். மதியம் வண்டி பெரிய ஊருக்குப் போகும், அதில் போய்விடும் என்று அட்டெண்டர் சொன்னார். அவரிடம் அண்ணி ஒன்றுக்கு நாலு தடவை சொன்னாள்: "அண்ணே, திறக்காதீங்க. வெயில்ல வெக்காதீங்க." அவர், "எனக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

வண்டி கிளம்புவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் அண்ணிக்குத் தூக்கம் வராது. ஆகவே சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆபீசுக்குப் போனோம். வண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மேலிடத்து ஆட்கள் வந்துவிட்டார்களாம், மீட்டிங் முடிந்தால்தான் கிளம்புமாம். கரண்ட் வேறு இல்லை. ஹாலில் ஜன்னல்களைத் திறந்து போட்டுக்கொண்டு எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் எங்களைப் பார்த்துக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். "இவங்கதான் சார் நம்ம ஃபீல்டு ஸ்டாஃப். வெயில்ல வந்திருக்காங்க, இவங்களுக்கும் ஒண்ணு குடுப்பா" என்றார்.

அட்டெண்டர் இரண்டு கூல் டிரிங்க்ஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து நீட்டினார். பாட்டில் ஜில்லென்று இருந்தது. வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது. நான் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டேன். அண்ணி குடிக்கவில்லை. பாட்டிலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "கரண்ட் இல்லையே அண்ணே, ஃப்ரிட்ஜ் ஓடலையே. இதுக்கு ஐஸ் ஏது?" என்றாள்.

அட்டெண்டர் வராண்டா பக்கம் பார்த்தார். அண்ணி ஓடினாள்.

பெட்டி சுவரோரமாக இருந்தது, சிவப்பு எழுத்து சுவரைப் பார்த்தபடி. உள்ளே எங்கள் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே பாட்டில்கள் அடுக்கியிருந்தன. டப்பாக்கள் இருந்த கவர், நல்ல வெயில் அடிக்கிற ஜன்னல் திட்டில் கிடந்தது. அண்ணி கவரை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈ உட்கார்ந்த டம்ளரில் வாய் வைக்காதவள், மல டப்பாவைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கொதித்தது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"ஊசி மருந்துப் பெட்டின்னு நெனச்சுட்டேன்மா" என்றார் அட்டெண்டர். அண்ணி கையிலிருந்து தானே வாங்கி வைத்தவர், அதைச் சமாதானமாகச் சொன்னார்! ஊசி மருந்தாக இருந்தால் வெயிலில் தூக்கிப் போடலாம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ.

அது எந்தப் பெட்டி என்று ஹாலில் உள்ளவர்களுக்கு நான்தான் சத்தமாகச் சொன்னேன். ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். மேலிடத்து ஆள் ஒருவர் ஜன்னல் வழியாகத் துப்பினார். ஒருவர் தன் நாக்கைக் கைக்குட்டையால் தேய்த்தார். நானும்தான் குடித்திருந்தேன், எனக்கும்தான் குமட்டியது. ஆனால் அந்த டப்பாவை நினைத்து இல்லை. வாய் கொப்பளிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. அந்தப் பெண்ணின் மலம் என்ன ஆயிற்று என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் குமட்டியது.

ஆபீசர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டார். "போனது போகட்டும். ஆட்டுக்காரங்க இடம் மாறிட்டாங்க, சாம்பிள் கிடைக்கலைன்னு சொல்லிடலாம். அவங்க அப்படித்தானேம்மா, யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஈ உட்கார்ந்த டம்ளரைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. "அவங்க குடுத்தாங்க சார். நீங்கதான் கெடுத்தீங்க. இன்னும் நாள் இருக்கு, நான் போறேன். நீங்க வேற ஏதாவது எழுதினா, உள்ள உட்கார்ந்திருக்காங்களே மேலிடத்துக்காரங்க, அவங்ககிட்டயே வந்து சொல்லுவேன்" என்றாள். பெட்டியிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். பெட்டியைக் கழுவினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாக ஐஸ் வாங்கினோம். கிளம்பினோம்.

போகிற வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன்: "அண்ணி, வண்டி வழியில நின்னுடுச்சு, ஐஸ் உருகிடுச்சுன்னு சொல்லிடுங்க. உண்மையைச் சொன்னா அந்தம்மா செருப்பால அடிப்பாங்க." அண்ணி பின்னால் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிடை ஒரு வறண்ட ஓடையின் கரையில் இறங்கியிருந்தது. பெண் கழுதைக்குப் பக்கத்தில், விரிப்பில் படுத்திருந்தாள். துவண்ட கால் யாரோ வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அம்மா எங்களைப் பார்த்ததும் வேகமாக எழுந்து வந்தாள். "அதுல என்ன தெரிஞ்சுது?" என்றாள்.

அண்ணி சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். மீட்டிங்கைச் சொன்னாள், வெயிலைச் சொன்னாள், பாட்டிலைச் சொன்னாள். மறுபடியும் முதலிலிருந்து, இரண்டு தடவை வேண்டும் என்றும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அவங்களுக்கெல்லாம் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்குக்கா."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும்னு சொன்னியே. அந்தப் பிள்ளைங்களுக்கும் சேத்துத்தானா?"

"ஆமாக்கா."

அந்த அம்மா முகத்தைத் திருப்பி, தரையில் காறித் துப்பினாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"டப்பாவைக் குடு."